பெரியம்மாவின் ஓரத்தையல்

எங்கள் வீட்டில் போர்வை என்றால் வீட்டிலேயே தைத்ததுதான். வாங்கிய போர்வைகளும் இருந்தன. அவை விருந்தாளிகள் வந்தால் எடுப்பதற்கு. நாங்கள் போர்த்திக்கொண்டு தூங்கியதெல்லாம் பாட்டியும் பெரியம்மாவும் அம்மாவும் பழைய துணிகளை அடுக்கித் தைத்த போர்வைகள். மேலே ஒரு நூல் புடவை, கீழே ஒரு நூல் புடவை, நடுவில் நைந்த வேட்டிகளும் பிரித்த சட்டைகளும். மேல் புடவையில் எங்கெல்லாம் கிழிசல் இருக்கிறதோ அங்கெல்லாம் வேறு நிறத்தில் ஒட்டு. எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, வரிசை வரிசையாக ஓட்டுத் தையல்.

அவர்கள் மூவரும் இருந்த காலத்தில் நான் தைத்ததில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று காலம் ஓடி, தலை நரைத்த பிறகுதான் போர்வை தைக்க உட்கார்ந்தேன். அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய போர்வைகளை எனக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது. எந்த வரிசையை யார் தைத்தார், எங்கே கை மாறியது, யாருக்கு எப்போது பார்வை மங்கத் தொடங்கியது என்பதெல்லாம் துணியிலேயே இருந்தது. இத்தனை வருஷம் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன், பார்த்ததில்லை.

பாட்டி துணி தேர்ந்தெடுக்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். கழித்த புடவையை ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடிப்பார். வெளிச்சம் எங்கே அதிகமாக ஊடுருவி வருகிறதோ அங்கே இழை நைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதி உள்ளடுக்குக்குப் போகும். புடவையில் தரையோடு உரசும் பக்கம் முதலில் தேயும். இடுப்பைச் சுற்றி வரும் உள்சுற்று நெடுநாள் தாங்கும். சட்டையில் காலரும் கைமடிப்பும் போன பிறகும் முதுகுத் துணி கெட்டியாக இருக்கும். தாத்தாவின் சட்டை முதுகுகள் எத்தனையோ எங்கள் போர்வைகளுக்குள் இருக்கின்றன. வேட்டி எப்போதும் நடுவில்தான். பல வருஷம் துவைத்து, கஞ்சியெல்லாம் போய், இழை தளர்ந்த வேட்டிக்கு வரும் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. ஊசியும் அதில் தடையில்லாமல் இறங்கும்.

அடுக்கும் நாளில் கூடத்தைக் காலி செய்துவிடுவார்கள். கீழ்ப்புடவையை விரித்ததும் நாலு மூலையிலும் நாங்கள் பிள்ளைகள் உட்கார வேண்டும், அசையக் கூடாது. பாட்டி நடுவிலிருந்து ஓரம்வரை உள்ளங்கையால் நீவிக்கொண்டே வருவார். அடுத்த துணி, அதற்கும் அதே நீவல். “உள்ளே சுருக்கம் மாட்டிக்கிட்டா அது போர்வை கிழியற வரைக்கும் உறுத்தும் கண்ணு” என்பார். எல்லாம் படிந்ததும் முழம் முழமாகப் பெரிய தற்காலிகத் தையல் போட்டு நிறுத்துவார்கள். அசல் தையல் முடிந்த பிறகு அதை உருவிவிடலாம்.

ஊசி கோப்பதில் பாட்டி ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாக நூல் கோக்க விட மாட்டார். நூல்கண்டின் நுனியில் ஏழெட்டு ஊசிகளை வரிசையாகக் கோத்துவிடச் சொல்வார். தைக்கும்போது முதல் ஊசியோடு வேண்டிய நூலை இழுத்து வெட்டிக்கொள்வார். மற்ற ஊசிகள் கண்டுப் பக்கம் நூலிலேயே தள்ளி நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் நான் கோத்து வைத்துவிட்டுப் போனால் அவருக்கு அன்றைய வேலைக்குப் போதும், யாரையும் கூப்பிட வேண்டாம். இப்போது நானும் இதே வழியில்தான் கோக்கிறேன், காலையில், கண் களைப்பதற்கு முன்.

மூவரும் போர்வையைச் சுற்றி உட்காரும்போது பெரியம்மாவுக்கு என்று ஒரு மூலை உண்டு. அவருக்கு இடது கைப்பழக்கம். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் இடிக்கும் என்று ஓரமாக உட்காருவார். அம்மா வேகம். வேலைக்குப் போவதற்கு முன் தையல் மெஷினில் ரவிக்கைகள் தைத்துக் கொடுத்த பழக்கம் அம்மாவுக்கு இருந்தது. பாட்டி நிதானம். அவர் தைக்கும்போது மூச்சு விடுவது கேட்கும்.

பாட்டி போனார், பின்னாலேயே பெரியம்மாவும். அம்மா ஒருவராக உட்கார்ந்து போர்வை தைத்து நான் பார்த்ததில்லை. அதற்குள் நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

அம்மா இறந்த பிறகு அலமாரியைத் திறந்தபோது, கொடுக்கவும் மனம் வரவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. அம்மாவுடைய புடவைகள் எல்லாம் கட்டிக் கட்டித் தேய்ந்தவை. இன்னொருவருக்குக் கொடுக்கும் நிலையில் பாதிகூட இல்லை. அவற்றை என்ன செய்யலாம் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் தேய்ந்த புடவை எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும்.

எப்படித் தைப்பது என்பதுதான் தெரியாது. காணொளிகள் பார்த்தேன், குவில்ட் என்று வெளிநாட்டில் சொல்லும் அடுக்குப் போர்வைக்கான செய்முறைப் புத்தகங்கள் படித்தேன். அமெரிக்க முறையில் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி இணைத்து மேல்துணி செய்வார்கள். துண்டுக்குத் துண்டு கால் இஞ்சு விட்டுத் தைக்க வேண்டும். அந்தக் கால் இஞ்சு சீராக இருந்தால்தான் கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தும். வெட்டுவதற்கு ரோட்டரி கட்டர் என்று சக்கரம்போல உருளும் வெட்டி இருக்கிறது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. அளவுகோலை அழுத்திப் பிடித்து ஓட்டினால் நாலைந்து அடுக்கு துணியைக்கூட ஒரே இழுப்பில் நேராக வெட்டும். கத்திரிக்கோல் பிடித்தால் கட்டைவிரல் மூட்டு வலிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

வயதான பிறகு தைக்க வருகிறவர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு நீங்கள் தைக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் கை நிழலிலேயே தைக்க வேண்டிவரும். கறுப்புத் துணியைப் பகலில் மட்டும் தையுங்கள். நூல் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை இருந்தால் போதும். அதற்கு மேல் நீளமானால் முறுக்கிக்கொண்டு சிக்கும், தோளுக்கும் வேலை. ஊசியைத் தள்ளும்போது குத்தாமல் இருக்க நடுவிரலுக்குத் திம்பிள் என்ற விரலுறை போடுங்கள். முதலில் விரல் மரத்த மாதிரி இருக்கும், விரைவில் பழகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஊசியில் ஒரே தடவையில் நாலைந்து தையலைச் சேர்த்தெடுத்து இழுக்கும் பழக்கம் கைக்குத் தானாக வரும். அது வரும் நாளில் உங்களுக்கே தெரியும்.

பழைய புடவையை வெட்டுவதற்கு முன் பாட்டி மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெலிந்த துணிக்கு அடியில் மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணியை வைத்துச் சேர்த்துத் தைத்துக்கொண்டால் தாங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடலாம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், கறை படிந்தால் தனியாக நனைத்து அலசிய பிறகே எடுக்க வேண்டும். மிகப் பழைய துணிகளில் கறுப்பும் பழுப்பும் மட்டும் பொடிந்து உதிர்வதைச் சிலர் பார்த்திருக்கலாம். அந்த நிறங்களைப் பிடிக்க வைக்க அந்தக் காலத்தில் இரும்பு உப்பு சேர்ப்பார்கள். அந்த இரும்பு நாளாக நாளாக இழையை அரித்துவிடும். பட்டுப் புடவைகளை நான் இதில் சேர்ப்பதில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் பழம்பட்டு கீறிக்கொண்டு வரும், பருத்தியோடு சேர்த்துத் துவைக்கவும் முடியாது.

செய்முறைப் புத்தகங்கள் சொன்ன ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நடுவிலிருந்து தையலைத் தொடங்கி ஓரத்துக்கு வா, அப்போதுதான் சுருக்கம் வெளியே தள்ளப்படும் என்கிறார்கள். பாட்டி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போவார். இது எங்கள் வீட்டு வழக்கமாக மட்டும் இருக்குமோ என்று தேடியபோதுதான் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையைப் பற்றிப் படித்தேன். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகம் சித்திகள். அவர்களும் புடவையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். மூலைகளில் ‘பூலா’ என்று முக்கோணமாக மடித்த துணிகளை வைத்துத் தைத்தால்தான் அவர்கள் கணக்கில் போர்வை முடிந்தது. படங்களைப் பார்த்தபோது பாட்டியின் சுற்றுவரிசைகளே கண்ணில் நின்றன. அடுக்கும்போதே நன்றாக நீவித் தற்காலிகத் தையல் போட்டுவிட்டால் ஓரத்தில் தொடங்கினாலும் சுருக்கம் விழாது என்பதை இப்போது என் கையாலேயே தெரிந்துகொண்டேன்.

தேய்ந்த துணியை அடுக்கித் தைக்கும் வேலை எத்தனை இடங்களில் இருக்கிறது! வங்காளத்துக் காந்தாவும் பழைய புடவையும் வேட்டியும்தான். தைக்கும் வண்ண நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். சிந்துப் பகுதியிலும் ராஜஸ்தானிலும் ரல்லி. ஜப்பானின் குளிர்ந்த வடபகுதிகளில் பருத்தி விளையாது. அங்கே கிடைத்த கந்தல் ஒவ்வொன்றையும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தலைமுறைகளாகப் பயன்படுத்திய துணிகளை இன்று போரோ என்று சேகரித்து வைக்கிறார்கள்.

என்னை மிகவும் உலுக்கியது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த மிசூரி பெட்வேயின் போர்வை. 1942-இல் கணவர் இறந்த பிறகு, அவர் வயலில் உடுத்திய துணிகளைப் பிரித்துத் தைத்தது. அவர் நினைவாக இதைச் செய்து, அன்பாகப் போர்த்திக்கொள்வேன் என்று தாய் சொன்னதைப் பின்னாளில் மகள் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் வேலைத்துணிகளிலிருந்து தைத்த போர்வைகளில், சட்டைப்பை பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்ந்த நீலமாக நிற்பதைப் பார்க்கலாம். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டி வைத்தபோது உலகமே அவற்றை ஓவியங்களாகப் பார்த்தது. அந்த மரியாதை அவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் எனக்கு அந்த நீலக் கட்டங்களைப் பார்க்கும்போது ஓவியம் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பையில் அதை உடுத்தியவர் என்ன வைத்திருந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நினைவுப் போர்வையும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள். அவற்றைத் தைத்தவர்களில் பலர் அதற்கு முன் ஊசி பிடித்தவர்களே அல்ல. நண்பனுக்காக, மகனுக்காக, முதல்முறையாகத் தைக்க உட்கார்ந்தவர்கள். தையல் தெரிந்த பிறகுதான் போர்வை தைக்க வேண்டும் என்று யார் சொன்னது? இழப்பு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். துணி அப்போதுதான் கைக்கு வருகிறது.

சரி, பெட்டியில் இருந்த போர்வைகளுக்கு வருகிறேன்.

ஓரத்தை மடித்து ஹெம்மிங் செய்யும்போது தையல்கள் ஒரு பக்கமாகச் சாயும். வலது கைக்காரர் தைத்தால் எல்லாம் ஒரே திசையில். போர்வையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சாய்வு மாறாது. என் முதல் போர்வைக்கு ஓரம் அடித்து முடித்த கையோடு, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பழைய போர்வையை எடுத்தேன். மூன்று ஓரங்களில் தையல் என்னுடையது மாதிரியே சாய்ந்திருந்தது. நாலாவது ஓரத்தில் பாதிவரை அப்படி வந்து, அங்கிருந்து மூலைவரை மறுபக்கம் சாய்ந்திருந்தது. பார்த்ததும் புரிந்தது, அது பெரியம்மா. அவர் உட்காரும் மூலை. அவருடைய புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கூட்டத்தில் பாதி மறைந்த முகம். இந்த இரண்டடி ஓரத்தில் அவர் முழுசாக இருந்தார். அன்றைக்கு எல்லாப் போர்வைகளையும் எடுத்து அவருடைய ஓரங்களைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இருந்தது.

அம்மாவின் தையலும் அப்படித்தான் பிடிபட்டது. ஓட்டுத் தையலில் போகும்போது அம்மா இடையிடையே ஊசியை ஒரு தையல் பின்னுக்குக் கொண்டுவந்து ஒரு பின்தையல் போடுவார், நூல் ஒரு இடத்தில் அறுந்தாலும் வரிசை முழுக்கப் பிரியாமல் இருக்க. பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ இந்தப் பழக்கம் இல்லை. பாட்டிக்குத் தையல் பொடி. இஞ்சுக்கு ஆறு ஏழு வரும், வரிசைகள் அளந்து வைத்த மாதிரி இணையாக ஓடும்.

பாட்டி கடைசியாகத் தைத்த போர்வையில் மட்டும் அது இல்லை. கரும்பச்சைப் புடவை மேல்துணி. ஓரத்து வரிசைகளிலேயே தையல் நீண்டு, இஞ்சுக்கு மூன்றுதான் வருகிறது. உள்ளே போகப் போக வரிசை வளைகிறது, சில தையல்கள் மேலடுக்கை மட்டும் பிடித்துவிட்டு வேட்டிவரை இறங்காமலே போயிருக்கின்றன. கண் தெரியாமல் விரலால் தடவித் தைத்திருக்கிறார். அந்தச் சமயத்தில் வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வளைந்த வரிசை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, ஒரு நூல் தள்ளி, இன்னொரு வரிசை ஓடுகிறது. அதே பச்சை நூல். பாட்டியின் கோடு எங்கே வளைகிறதோ அங்கே அதுவும் வளைகிறது. அடியடுக்குவரை இறங்கிய தையல்கள், இடையிடையே ஒரு பின்தையல். அம்மா.

பிரித்துவிட்டுத் தைத்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். தைக்கிறவர்களுக்கு அது தெரியும். கோணல் வரிசையைப் பின்பற்றித் தைப்பது நேராகத் தைப்பதைவிடக் கடினம். அம்மா பாட்டியின் ஒரு தையலைக்கூட எடுக்காமல், அது தாங்காத இடத்தில் தாங்கக் கூடவே தைத்திருக்கிறார். பாட்டி தூங்கிய பிறகு செய்தாரா, தெரிந்தே செய்தாரா, எனக்கு யாரும் சொல்லவில்லை. நூல் தொட்டுப் பார்க்கும் விரல்கள் பாட்டிக்கு. பக்கத்தில் இன்னொரு வரிசை ஓடுவது அவருக்குத் தட்டுப்படாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இருபது வயதில் யாராவது இதைக் காட்டியிருந்தால் இரண்டு பச்சைக் கோடுகள் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பேன். தாமதமாகத் தைக்க வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

அந்தப் போர்வையில் இப்போது மூன்று இடங்களில் மேல்துணி போய் வேட்டி தெரிகிறது. அம்மாவின் புடவையிலிருந்து ஒட்டு வெட்டி வைத்துத் தைத்துவிட்டேன். பச்சை நூல் போடவில்லை, செம்மண் நிறத்தில் போட்டேன். பின்னால் பார்க்கிறவர்களுக்கு எது யார் கை என்று குழப்பம் வரக் கூடாது. இந்தப் போர்வைகளை இனி தினமும் உபயோகிப்பதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பின் மேல் மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் அங்கேயே இழை முறியும்.

நான் தைக்கும் போர்வைகளின் பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து, எந்தத் துணி யாருடையது, யார் தைத்தது, எந்த வருஷம் என்று நூலாலேயே எழுதிவிடுகிறேன். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணி பைபிள் கதைகளை வைத்துத் தைத்த ஒரு போர்வை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் விற்க மறுத்தவர், 1891-இல் கஷ்டம் வந்தபோது ஐந்து டாலருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். வாங்கியவர் அதை எழுதி வைத்தார். அதனால்தான் அந்தக் கட்டங்களின் கதை நமக்குத் தெரியும். அதற்கப்புறமும் தன் போர்வையைப் பார்க்க அவர் பலமுறை போயிருக்கிறார். வீட்டில் யாராவது தைத்த போர்வை உங்களிடம் இருந்தால், அதைத் தைத்தவரோ தெரிந்தவரோ இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் புடவை, யார் சட்டை, எந்தப் பக்கம் யார் கை. ஒரு துண்டில் எழுதிப் பின்னால் தைத்து வையுங்கள்.

அம்மாவின் புடவைகளில் இன்னும் ஒரு போர்வைக்கு இருக்கிறது. தம்பியின் பேத்தி வந்திருந்தபோது துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனைக் கொண்டுவந்து, “அத்தைப்பாட்டி, இது நடுவுல” என்று வைத்துவிட்டாள். அது பாலியஸ்டர் கலந்த துணி, பருத்தியோடு சேர்த்தால் துவைக்கும்போது ஒன்று சுருங்கும் ஒன்று சுருங்காது. புடவைத் துண்டுகளை நன்றாக நனைத்துக் காயவைத்து, கவுனுக்கு அடியில் மல்மல் வைத்துச் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தால் சரியாக வரும் என்று நினைக்கிறேன். முதலில் சின்னதாக ஒன்று தைத்துத் துவைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஊசி கோக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இடது கையால்தான் கோக்கிறாள்.